வெலிங்டனில் கழற்றிய சட்டை

குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் முதலில் நிற்கும் நிலையம் வெலிங்டன். அடுத்தது அருவங்காடு. பயணிகள் பெரும்பாலும் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே இவ்விரண்டையும் கடந்து போய்விடுகிறார்கள். இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பையை இருமுறை வென்ற அணியின் ஊர் இது என்று சொன்னால், நீலகிரியில் வாழ்பவர்களிலேயே பலர் வியப்படையக்கூடும். 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது வெலிங்டனின் எம்.ஆர்.சி. எனப்படும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணி. அந்த அணியிலிருந்து புறப்பட்டுப் போன ஒருவரைப் பற்றியும், அப்படிப் புறப்பட்டுப் போவதன் பொருளைப் பற்றியும் இங்கே சற்று யோசித்துப் பார்க்கலாம்.

கால்பந்து ரசிகர்கள் மிகுதியாகப் பேசுவது ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில் அல்ல. ஆட்டங்கள் இல்லாத மாதங்களில்தான். யார் போகிறார், யார் வருகிறார், எவரை விட்டிருக்கக் கூடாது, எவரை எடுத்தது வீண் செலவு என்று தேநீர்க் கடைகளில் நடக்கும் வழக்குகளுக்கு முடிவே இல்லை. இந்த வழக்குகளின் அடியில் எப்போதும் ஒரே கேள்விதான் கிடக்கிறது: ஆட்டக்காரன் யாருக்குச் சொந்தம்? வளர்த்த ஊருக்கா, ஊதியம் தரும் கழகத்துக்கா, அல்லது தனக்கேவா?

டூரண்ட் கோப்பை 1888இல் சிம்லாவில் தொடங்கியது. அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டூரண்டின் பெயரைத் தாங்கிய அப்போட்டி, முதலில் படைப்பிரிவுகளுக்கானது. முதற்கோப்பையை வென்றதும் ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸ் என்னும் படைப்பிரிவே. வெலிங்டன் பாசறையும் அதே ஏகாதிபத்தியத்தின் எச்சம்தான். ஜக்கதளா என்ற படகர் சிற்றூரின் பெயரால் முதலில் அறியப்பட்டு, 1850களில் வெள்ளைச் சிப்பாய்களுக்காகக் கட்டப்பட்டது அது. 1947இல் மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் மதுக்கரையிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. எட்டே ஆண்டுகளில் அந்த மையத்தின் அணி டெல்லிக்குச் சென்று, இறுதியாட்டத்தில் இந்திய விமானப்படையை வீழ்த்திக் கோப்பையோடு மலையேறியது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் சிப்பாய்களின் அணி அது.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். தமிழ்ப் பெயர் தாங்கியிருந்தாலும் பிறந்தது ஹைதராபாத்தில், 1935இல். செகந்திராபாத்தின் உள்ளூர்க் கழகங்களில் பழகிவிட்டு 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் ஆடியது முன்கள வீரராக; கோல் கம்பங்களுக்கு இடையில் அவர் நிலைபெற்றது பிறகுதான். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் அந்த இடத்துக்கென்றே அமைந்தவை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோது அவர் அணியில் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயரும் கிடைத்தது. அதே ஆண்டு எம்.ஆர்.சி. மீண்டும் டூரண்டை வென்றது; எதிரில் நின்றது கூர்க்கா பிரிகேட். இரண்டு ராணுவ அணிகள் மோதிய இறுதியாட்டம். அதன்பின் அந்தக் கோப்பை வெலிங்டனுக்கு வரவே இல்லை.

ராணுவ அணியின் பட்டியல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஏலம் இல்லை, பேரம் இல்லை. இடமாற்ற உத்தரவு வரும், பதவி உயர்வு வரும், பணிக்காலம் முடியும். ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். யாரும் துரோகி ஆவதில்லை, யாரும் மீட்பராகவும் வருவதில்லை. வீரனுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அதற்கு ஈடாக ஊதியமும் ஓய்வூதியமும் உண்டு. ரசிகர்களான சக சிப்பாய்களும் ‘ஏன் போனான்’ என்று கேட்பதில்லை. கட்டளைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் பாசறையில் இல்லை.

இதற்கு நேர் எதிரான உலகம் கல்கத்தாவின் மைதானம். அங்கே வீரர்கள் கழகம் மாறுவதற்குத் ‘தொல் பொதல்’ என்று பெயர். அணி மாற்றம் என்பது பொருள். ஒவ்வோர் ஆண்டும் பருவம் தொடங்குமுன், மாற விரும்பும் வீரர் இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்கு நேரில் சென்று புதிய கழகத்துக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துக்காக நடந்தவை தனிப் புராணம். எதிர்க்கழகத்தின் ஆட்கள் கண்ணில் படாதபடி வீரர்களை விடுதிகளிலும் வீடுகளிலும் மறைத்து வைப்பார்கள். அலுவலக வாசலில் கூட்டம் காத்துக்கிடக்கும். மறுநாள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைத் தேர்தல் செய்தியோடு பங்குபோட்டுக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய விஷயம்.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் பிறப்பே ஓர் அணிப்பட்டியல் தகராறிலிருந்து வந்ததுதான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கழகம் சைலேஷ் போஸ் என்ற வீரரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதை ஏற்காத துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி விலகினார். சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் தோன்றியது. கிழக்கு வங்காளத்தார் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்ற மனக்குறைதான் அதற்கு உயிர் கொடுத்தது. ஆனால் அதே கழகம் பெரும் புகழ் பெற்றது தெற்கிலிருந்து வந்தவர்களால். 1949 முதல் 1953 வரை ஆடிய அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைக்கப்பட்டார்கள். ஐவரில் ஒருவர்கூட வங்காளி அல்லர். தேசப் பிரிவினையில் வீடிழந்து வந்த மக்கள் தங்கள் மானத்தை இந்தத் தென்னாட்டவர் கால்களில் வைத்தார்கள்; ஐ.எஃப்.ஏ. கேடயத்தை 1949 தொடங்கி மூன்றாண்டுகள் தொடர்ச்சியாக வென்று இவர்கள் அதைக் காப்பாற்றினார்கள்.

அக்கால இந்தியக் கால்பந்து, ஏட்டளவில், தொழில்முறை விளையாட்டு அல்ல. எனவே கழகங்கள் வெளிப்படையாக ஊதியம் தர முடியாது. ரயில்வேயிலோ துறைமுகத்திலோ சுங்கத்துறையிலோ வேலை வாங்கித் தருவது, உறைவிடம் தருவது, கையில் மறைவாகக் கொடுப்பது என்று ஏற்பாடுகள் நடந்தன. இங்கே நாம் பொதுவாகக் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஊதியம் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளாத கழகம், வீரனைக் கட்டிவைக்கவும் முடியாது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவனை மீண்டும் வென்றெடுக்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் தொழில்முறை வீரன் நிலை வேறு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கழகம் அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நியூகாசில் கழகத்துக்கு எதிராக ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று 1963இல்தான் தீர்ப்பு வந்தது. ஐரோப்பா முழுவதும் ஒப்பந்தம் முடிந்தவருக்கு விடுதலை தந்த போஸ்மன் தீர்ப்புக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெச்சூர் என்று பெயர் சூட்டப்பட்ட கல்கத்தா வீரன் ஏழை. ஆனால் தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் அவன் ஆங்கிலேயத் தொழிலாளியைவிடச் சுதந்திரமானவன்.

தங்கராஜ் அந்தச் சுதந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்தினார். ராணுவத்தை விட்டு 1960களின் தொடக்கத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வந்தார். 1963இல் மோகன் பகான். 1965இல் ஈஸ்ட் பெங்கால். மைதானத்தின் மூன்று பெருங்கழகங்களும் அவரை அனுபவித்தன. கோல்கீப்பரை மாற்றுவது மற்ற வீரரை மாற்றுவது போன்றதல்ல. முன்களத்தில் ஒருவர் வந்தால் இன்னொருவரை ஓரம் நகர்த்தி ஆடவைக்கலாம். கம்பங்களுக்கு நடுவே ஒருவருக்குத்தான் இடம். வந்தவர் நின்றால் இருந்தவர் பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் கோல்கீப்பர் மாற்றம் குறித்த வாதங்களில் எப்போதும் கூடுதல் கசப்பு இருக்கும்.

அவருடைய தலைமுறையில் வேறு வழிகளும் இருந்தன. சுனி கோஸ்வாமி கடைசிவரை மோகன் பகானை விட்டு நகரவில்லை. அவர் விசுவாசத்தின் சின்னமாகப் போற்றப்பட்டார். பி.கே. பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்து, 1958இல் அந்த அணிக்குக் கல்கத்தா லீக் பட்டத்தை வென்று தந்தார். மூன்று பெருங்கழகங்களின் சட்டையை அவர் அணியவே இல்லை. இவர்களோடு ஒப்பிட்டுத் தங்கராஜை நிலையற்றவர் என்று சொல்வது எளிது. ஆனால் சுனி தம் சொந்த மண்ணின் கழகத்தில் ஆடினார். பி.கே.க்கு ரயில்வே வேலை இருந்தது. படைவீரர் உடையைக் கழற்றிவிட்டு வேற்று மொழி பேசும் நகரத்துக்கு வந்த தெற்கத்தியர் ஒருவருக்கு எந்தக் கழகம் ‘தாய்வீடு’? விசுவாசம் என்று நாம் புகழும் பண்புக்குப் பின்னால் பல வேளைகளில் சொந்த ஊர் என்ற வசதியும் இருக்கிறது. விதிகளின்படி கோல்கீப்பரின் சட்டை மற்ற வீரர்களின் சட்டையிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கழக வண்ணங்கள் அனைத்தும் மறைந்துபோன நாள் ஒன்றும் உண்டு. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது. கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும், தலையில் காயத்தோடு முன்களத்தில் ஆடிய ஜர்னைல் சிங்கும். அணித்தலைவர் சுனி. கோல் முன்னே நின்றவர் தங்கராஜ். விசுவாசி, வேலையை விடாதவர், இடம் மாறியவர் என்று நாம் பிரித்துவைத்த மூவரும் ஒரே சட்டையில் நின்ற ஆட்டம் அது. இந்தியக் கால்பந்து அதன்பின் ஆசியத் தங்கம் பெறவில்லை.

சரி, வெலிங்டனுக்கு என்ன ஆயிற்று? ராணுவ அணிகளின் காலமே மெல்ல முடிந்தது என்பதுதான் நேர்மையான விடை. கூர்க்கா பிரிகேட் 1966இலும் 1969இலும் டூரண்டை வென்றது. அதன்பின் இன்னொரு ராணுவ அணி, ஆர்மி கிரீன், அதை வெல்ல 2016 வரை ஆயிற்று. படைப்பிரிவுகளுக்காக உண்டான கோப்பை நகரக் கழகங்களின் கோப்பையாகிவிட்டது. 2019 முதல் அது கல்கத்தாவுக்கே சென்றுவிட்டது. தங்கராஜ் போயிராவிட்டாலும் இது நடந்திருக்கும். ஒரு தனிமனிதர் மீது மலையின் இழப்பைச் சுமத்துவதில் நியாயமில்லை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. இன்றைய சர்வதேச விதிகளின்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரரைத் தொகை கொடுத்து வேறு நாட்டுக் கழகம் வாங்கினால், அத்தொகையில் ஐந்து விழுக்காடு வரை அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். வளர்த்த இடத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்ற நியாயத்தைச் சந்தை அவ்வளவிலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது. 1960களில் வெலிங்டனுக்கு அப்படி எதுவும் வந்திருக்க வழியில்லை. பாசறைக்கு அந்தப் பணம் தேவைப்பட்டிருக்கவும் இல்லை. அதற்கு உரியதாக இருந்த ஒரே பங்கு நினைவுதான்.

2023 ஆகஸ்டில், அதே டூரண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது கோல் அடித்தவர் நந்தகுமார் சேகர். சென்னைக்காரர், அந்த ஆண்டுதான் ஒடிசா அணியிலிருந்து அங்கே மாறியிருந்தார். எதிரணியிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த ரசிகர்கள் அந்த இரவில் ஒரு தமிழரின் பெயரைக் கொண்டாடினார்கள். அவர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. வந்தார், அது போதும்.

போன இடத்தின் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது. புறப்பட்ட இடத்தின் கணக்கை எழுத வேண்டியவர்கள் அந்த இடத்தில் இருப்பவர்கள். தங்கராஜ் 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளராக இருந்து 2008இல் பொகாரோவில் மறைந்தார். கல்கத்தா அவரைத் தன் மூன்று கழகங்களின் கதைகளிலும் வைத்திருக்கிறது. நீலகிரியிலும் அடுத்த பருவத்துக்கான அணிப்பட்டியல்களைப் பற்றி இளைஞர்கள் வாதிடத்தான் செய்கிறார்கள். அந்த வாதத்தில் என்றாவது, இந்த மலையிலிருந்தே மைதானத்துக்குப் போன ஒருவர் உண்டு என்று யாரேனும் சொல்லட்டும். வெலிங்டனுக்கு வரவேண்டிய பாக்கி அவ்வளவே.