கடுகண்ணாவை ஏற்றமும் கார்களின் நற்பெயரும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகின்ற வாகனங்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றமே பரீட்சை மண்டபம். 1820களில் ஆங்கிலேயர் மலைநாட்டைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதற்காக வெட்டிய பாதை அது. பின்னாளில் மோட்டார் வண்டிகள் அதில் ஏறத் தொடங்கியபோது விளம்பரங்களின் சொல்லலங்காரம் அங்கே செல்லுபடியாகவில்லை. தண்ணீர் கொதித்து வழியில் நின்றுவிடாமல் மேலே வந்து சேர்ந்த வண்டி நல்ல வண்டி, அவ்வளவே. ஒரு காரின் நற்பெயர் யாரால், எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்ற விசாரணையைக் கம்பனிகளின் வரலாற்றேடுகள் முதலாளியின் மேசையிலிருந்து தொடங்கும். நாம் இந்த ஏற்றத்திலிருந்து தொடங்குவோம்.

1948இல் பிரித்தானியாவில் வெளிவந்த மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் படைப்பு. சிறிய எஞ்சின், எளிய அமைப்பு. சாதாரணக் கருவிகளைக்கொண்டே கழற்றிப் பூட்டக்கூடியது. ஆசிரியர், வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் என்ற மத்தியதர வர்க்கத்தின் காராக அது இலங்கையில் நிலைபெற்றது. வாடகைக் காராகவும் ஓடியது. (தோட்டத் தொழிலாளிக்குக் கார் என்பது துரை வருகிறார் என்பதை அறிவிக்கும் ஓசையாகவே இருந்தது என்பதையும் இங்கே குறித்துவைப்போம்.)

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிற்று. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அந்தக் கதவு ஏறத்தாழ அடைபட்டே கிடந்தது. இருக்கின்ற வண்டியை ஓட்டியாக வேண்டும். புதிய உதிரிப்பாகமோ கிடைப்பதரிது. தேய்ந்ததைக் கடைந்து, முறிந்ததை ஒட்டி, இல்லாததைத் தாமே செய்து, கராச்சுத் தொழிலாளர் அவ்வண்டிகளுக்கு மறுபிறவி அளித்தனர். “மொறிஸ் கெடாது” என்று நம்மவர் சொல்லி வந்த புகழுரையில் பாதி, கெட்டதைத் திருத்தியவனுக்கு உரியது. அந்தக் கைத்திறன் வெறுங்கதையன்று. 1990களில் இலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள், அக்காரைப் பேணுவோருக்காக இங்கிலாந்துக்கே கப்பலேறின.

காரைப் பெற்ற நாட்டிலோ கதை வேறு. 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒன்றாயின. 1968இல் அவையும் லேலண்டும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருநிறுவனம் எழுந்தது. ஏழே ஆண்டுகளில், 1975இல், அரசாங்கம் பொதுப்பணத்தைக் கொட்டி அதனைப் பொறுப்பேற்க நேர்ந்தது. கதவு பொருந்தாத கார், மழைக்கு ஒழுகும் கார் என்று உலகமே எள்ளி நகைத்தது. பழியெல்லாம் வேலைநிறுத்தக்காரரின் தலையில் விழுந்தது. வேலைநிறுத்தங்கள் நடந்தது மெய்தான். ஆனால் அரசு நியமித்த ரைடர் குழு கணக்கைப் புரட்டியபோது, இலாபத்தின் பெரும்பகுதி பங்காதாயமாகப் பகிரப்பட்டதும், பழைய இயந்திரங்கள் புதுப்பிக்கப்படாமற் போனதும் வெளிப்பட்டன. தேய்ந்த இயந்திரத்திலிருந்து தேயாத கார் எங்ஙனம் வரும்?

லேலண்ட் என்ற பெயர் மட்டும் நம் பக்கத்தில் மானத்தோடு பிழைத்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபின், லண்டன் மாநகரம் ஓய்வு கொடுத்த இரட்டைத்தட்டு பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டியது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1955 முதல் அசோக் லேலண்டாக இயங்கிய தொழிற்சாலை அப்பெயரைத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் வளர்த்தது. தாய் நிறுவனம் சிதைந்த பின்னும் அது நிமிர்ந்து நின்றது.

யப்பானின் கதை இதற்கு நேர்மாறானது. யுத்தத்திற்கு முன் யப்பான் சாமான் என்றால் மலிவுச் சாமான் என்பதே பொருள். 1957இல் அமெரிக்காவுக்குச் சென்ற டொயோட்டாவின் கார், அந்நாட்டுப் பெருவீதிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமற் பின்வாங்கிற்று. ஆனால் 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் யப்பானில் நிகழ்த்திய விரிவுரைகளை அங்குள்ளோர் பாடமாகக் கொண்டிருந்தனர். அவர் பெயரால் நிறுவப்பட்ட தரப் பரிசை 1960இல் நிசானும் 1965இல் டொயோட்டாவும் பெற்றன. பிழையை முடிவில் தேடாமல், அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் அந்த முறை. இதைப் போற்றுவோர் வேறொன்றை மறைத்துவிடுவர். 1950இல் டொயோட்டா ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை வெளியேற்றியது. 1953இல் நிசானின் போர்க்குணமிக்க தொழிற்சங்கம் முறியடிக்கப்பட்டது. யப்பான் காரின் நற்பெயரில் இந்தக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

1977இல் இலங்கையில் இறக்குமதிக் கதவு திறந்தபின் யப்பான் வாகனங்கள் பெருகின; மொறிசின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. எனினும் பெற்ற பெயர் நிலையான சொத்தன்று. 2009–10இல் டொயோட்டா உலகெங்கும் பல இலட்சம் கார்களைத் திருத்தத்திற்காகத் திரும்ப அழைத்தது. தானாகவே வேகமெடுக்கும் பழுதுபற்றிப் பொதுமக்களுக்குத் தவறான தகவல் கொடுத்ததற்காக, 2014இல் அமெரிக்காவில் 120 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. வீதியில் உயிரைப் பணயம் வைத்தவன் காரில் இருந்தவன். நற்பெயரைக் காக்க முயன்றவன் அலுவலகத்தில் இருந்தவன்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய யப்பான் கார்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவற்றைக் கடுகண்ணாவை ஏற்றத்துக்குத் தகுதியாக வைத்திருந்தவர்கள், அன்று மொறிசைக் காப்பாற்றியவர்களின் தொழில்வழிப் பேரர்களே.