பபேசியா நோயில் நாய்களின் சிறுநீரகப் பாதிப்பு

உண்ணி வழியாக நாயின் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகும் ஒருசெல் ஒட்டுண்ணி பபேசியா. அதனால் வரும் கோளாறுகளில் உயிருக்கே உலை வைப்பது சிறுநீரகச் செயலிழப்பு. பபேசியா கிப்சோனி என்ற இனம் முதலில் அறியப்பட்டதே சென்னையில்தான். மெட்ராஸ் ஹன்ட் வேட்டை நாய்களின் ரத்தத்திலும், பிறகு நரியின் ரத்தத்திலும் அதைக் கண்டு 1910இல் விவரித்தவர் டபிள்யூ. எஸ். பேட்டன். இங்கே காணப்படும் இன்னோர் இனமான பபேசியா வோகெலியைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. அது வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலில் கிடக்கிறது. சென்னையை அடுத்த மணிமங்கலம், ஒரகடம் பக்கம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஷெட்டை ஒட்டிப் படுக்கும் நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது என்பது இதனால்தான். கிப்சோனி, நாய்ச் சண்டைக் கடியிலும் தொற்றும்.

ஒட்டுண்ணி சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்குவதில்லை. சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை முற்றுகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஆக்சிஜன் கிடைக்காமல் சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் மடிகின்றன. சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போவதைப் பார்த்து, வெளியேறும் ஹீமோகுளோபினே குற்றவாளி என்று நெடுநாள் நம்பினார்கள். தென்னாப்பிரிக்க ஆய்வுகளோ ஆக்சிஜன் குறைவைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டின. நாள்பட்ட தொற்றில் கதை வேறு: நோயெதிர்ப்புக் கூட்டுப்பொருள்கள் சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளில் (குளோமருலஸ்) படிந்து, சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும். வெளிக்குத் தெம்பாகத் திரியும் நாய்க்கும் இது இருக்கலாம்.

காது மடல் நுனியில் குத்தி எடுத்த ரத்தப் பூச்சில் வோகெலி பேரிக்காய் வடிவ ஜோடியாகத் தெரியும். கிப்சோனி பொடி வளையம். எளிதில் தப்பிவிடும், அதற்கு பிசிஆர் சோதனை வேண்டும். யூரியா அளவை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. இந்நோயில் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது ஏறலாம். கிரியேட்டினின், சிறுநீரின் அடர்த்தி, சிறுநீரின் புரத–கிரியேட்டினின் விகிதம் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி கேட்கும். ஆனால் சிறுநீரகம் பழுதான நாய்க்கு அதை யோசித்தே போட வேண்டும். கிப்சோனிக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் பத்து நாள். கூடவே நரம்பு வழித் திரவம் அளந்து ஏற்றப்படும், தேவைப்பட்டால் ரத்தமும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் மிஞ்சும் வழி டயாலிசிஸ். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் அந்த வசதி உண்டு.