முகமில்லாத ஒரு வெள்ளி டொலர்



நாணயம் சேர்க்கும் மாணவன் ஒருவன் இடைவேளையில் ஒரு படத்தைக் காட்டினான். "சேர், இந்தக் காசில முகம் ஒண்டும் இல்ல. கால் மட்டும்தான் இரிக்கி. ஏன்?" என்று கேட்டான். அடுத்த கேள்வி, "இது எவ்வளவு போகும்?" என்பது. இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு முதல் கேள்விக்கு அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

அது 2007இல் ஐக்கிய அமெரிக்கா வெளியிட்ட நினைவு வெள்ளி டொலர். 90 வீதம் வெள்ளி, எடை 26.73 கிராம். அவன் காட்டியது 'புரூப்' வகை. சாதாரண நாணயத்தைப் போல ஒரே அடியில் அச்சிட்டுச் சாக்கில் கொட்டுவதில்லை. மெருகேற்றிய அச்சினால், மெருகேற்றிய வெள்ளி வில்லையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பார்கள். பின்னணி கண்ணாடி போல மின்னும், உருவம் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். விரல் பட்டால் கறை விழும் என்பதால் உறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதைக் கொண்டு யாரும் கடையில் சாமான் வாங்குவதில்லை.

இவ்வளவு கவனமாக அச்சிட்ட நாணயத்தில் இருப்பவை பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளைகளின் கால்கள். பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய ஒரு சிப்பாய். கூடவே ஒன்பது நட்சத்திரங்கள்.

அந்த ஒன்பதும் ஒன்பது மாணவர்கள். வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடசாலை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என 1954இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ரொக் நகரில், சென்ட்ரல் உயர்தரப் பாடசாலைக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் தெரிவானார்கள். 1957 செப்டெம்பர் 4ஆம் திகதி, ஆளுநர் ஓர்வல் ஃபோபஸின் உத்தரவில் மாநிலப் படையினர் அவர்களை வாசலிலேயே தடுத்தனர்.

மாணவர்கள் சேர்ந்து போவதென்றே ஏற்பாடு. 15 வயதான எலிசபெத் எக்போர்ட்டின் வீட்டில் தொலைபேசி இல்லை, செய்தி போய்ச் சேரவில்லை. அவள் தனியாக வந்தாள். கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே, தானே தைத்த உடுப்போடு, புத்தகத்தை அணைத்தபடி நடந்து பஸ் தரிப்பிட வாங்கில் போய் அமர்ந்தாள்.

பின்னர் ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தின் 101ஆவது வான்வழிப் பிரிவை அனுப்பினார். செப்டெம்பர் 25ஆம் திகதி அந்தச் சிப்பாய்களின் காவலோடு ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். அந்தக் காட்சிதான் நாணயத்தில் இருப்பது. ஆனால் கதை அங்கே நன்றாக முடிந்துவிடவில்லை. வகுப்பறைக்குள் தள்ளும் ஏச்சும் தொடர்ந்தன. 1958இல் எர்னஸ்ட் கிரீன் அப்பாடசாலையில் படித்துப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பின மாணவரானார். சேர்ந்து படிக்க விடுவதை விட மூடுவது மேல் என்று, அடுத்த கல்வியாண்டு முழுவதும் நகரின் உயர்தரப் பாடசாலைகளையே மூடிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்துதான் போனது.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்ததுதான் இந்த நாணயம். மறுபக்கத்தில் அதே பாடசாலைக் கட்டடம். கூடியது 5 இலட்சம் நாணயங்கள் அச்சிடச் சட்டம் அனுமதித்தது. ஒவ்வொன்றின் விலையிலும் 10 டொலர், அந்தப் பாடசாலையை வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கும் பணிக்கென ஒதுக்கப்பட்டது.

ஓர் அரசு தன் வெற்றிகளை நாணயத்தில் அச்சிடுவது வழமை. வாசலில் பிள்ளைகளை மறித்த வெட்கத்தையும் வெள்ளியில் பதித்து வைத்தால், பின்னால் வருபவர்கள் "அப்படியொன்று நடக்கவேயில்லை" என்று சொல்வது கஷ்டம். முகம் இல்லாததற்கு என் விளக்கம் இதுதான்: அன்று அந்தப் பிள்ளைகள் செய்த பெரிய காரியம், திரும்பி ஓடாமல் நடந்தது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒரு பழைய காசைக் கொண்டு வந்து காட்டினால், விலை கேட்க முன் "இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கள். மற்றதை அவர்களே தேடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.