வித்தும் வேறுபாடும்: விருத்தாசல வட்டாரத்திலிருந்து ஒரு மரபியல் வரலாறு

'விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?' என்பது தமிழகத்தில் வழங்கும் பழமொழி. உயிரினங்கள் யாவும் தம்மை ஒத்தவற்றையே ஈனும் என்னும் நெடுங்கால அனுபவம் இதில் அடங்கியுள்ளது. ஆயினும், உழவர்கள் இதற்கு அடுத்தபடியான மற்றோர் உண்மையையும் அறிவர். சுரை விதையிலிருந்து சுரையே முளைக்கும். ஆனால் தாய்க்கொடியில் காய்த்ததைப் போன்ற காயே அதிலும் காய்க்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒப்புமை, வேறுபாடு ஆகிய இரண்டும் ஒரே விதைக்குள் உறைகின்றன. இவ்விரண்டிற்கும் பொதுவான காரணத்தைத் தேடிய அறிவுத்துறையே மரபியல்.

இத்துறையின் அடிப்படைகளை அறிய நாம் ஆய்வுக்கூடத்திற்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. கடலூர் மாவட்டத்தின் மேற்கே, விருத்தாசலத்தை அடுத்து, மங்களூர் ஊராட்சி ஒன்றியம் அமைந்துள்ளது. அரபிக்கடலோரத் துறைமுக நகரமான மங்களூர் வேறு. வானம் பார்த்த புன்செய் நிலங்களைக் கொண்ட இம்மங்களூர் வேறு. இங்கு மக்காச்சோளமும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். விருத்தாசலத்திற்குக் கிழக்கே பண்ருட்டி, கடலூர் வரையிலான செம்மண் நிலங்களிலோ முந்திரித் தோப்புகள் பரந்துள்ளன. மக்காச்சோள உழவர், தம் வயலில் விளைந்த மணியை விதைக்காமல் ஆண்டுதோறும் கடையில் விதை வாங்குகிறார். முந்திரி உழவர், தம் தோப்பின் சிறந்த மரத்துக் கொட்டையை ஊன்றாமல் ஒட்டுக்கன்றைத் தேடிச் செல்கிறார். இவ்விரு செயல்களுக்கும் காரணம் ஒன்றே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கண்டவை

மரபுவழிப் பண்புகளைப் பற்றிய சிந்தனை மிகப் பழைமையானது. பேரீச்சையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை. விதையிட்டு வளர்த்தால் ஏறக்குறையப் பாதி மரங்கள் காய்க்காத ஆண் மரங்களாகிவிடும். எஞ்சியவற்றின் கனியும் தாயின் சுவையைக் கொண்டிருக்கும் என்று கூற இயலாது. இதனை உணர்ந்த மேற்காசிய உழவர்கள், நல்ல மரத்தின் அடியில் தோன்றும் பக்கக்கன்றுகளையே பிரித்து நட்டனர். ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் தாமே சேர்த்தனர். மதீனாவின் தோட்டங்களில் இவ்வழக்கம் இருந்தமை ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது வேளாண்மை நூலில் மரங்களை ஒட்டுக்கட்டும் முறைகளை விரிவாக எழுதினார்.

மனிதப் பண்புகளைக் குறித்தும் கருதத்தக்க ஒரு செய்தி ஸஹீஹ் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தம் மனைவி கருநிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாக ஐயத்துடன் கூறிய ஒரு நாட்டுப்புற அரபியிடம், நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பற்றி வினவினார்கள். அவை சிவந்தவை என்றும், எனினும் அவற்றினிடையே சாம்பல் நிறக் குட்டிகளும் பிறந்துள்ளன என்றும் அவர் விடையளித்தார். பழைய வழி ஏதேனும் அந்நிறத்தை ஈர்த்து வந்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டபோது, அவருடைய மகனின் நிறத்திற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. பெற்றோரிடம் வெளிப்படாத பண்பு பிள்ளையிடம் தோன்றக்கூடும் என்னும் கவனிப்பு ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதற்கு இங்கே பயன்பட்டமை நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும், மறைந்த பண்பு எங்கே தங்கியிருந்தது, எந்தக் கணக்கின்படி திரும்பி வருகிறது ஆகிய வினாக்களுக்கு விடை கிடைக்க 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கரைசலா, மணிகளா?

அக்காலம் வரை அறிஞர் பலரும், தாய் தந்தையரின் பண்புகள் பிள்ளையிடம் கலந்து ஒன்றாகிவிடுகின்றன என்றே கருதினர். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்து மக்களுக்கு இக்கருத்தை எளிதில் விளக்கலாம். வெண்ணிறக் களிமண் கரைசலையும் நிறமூட்டிய கரைசலையும் கலந்து அச்சில் வார்த்தால் இடைப்பட்ட நிறமுடைய பொம்மை கிடைக்கும். அக்கலவையிலிருந்து தூய வெண்மையை மீட்க இயலாது. மரபும் இத்தகையதாயின், சில தலைமுறைகளில் உலகின் வேறுபாடுகள் அனைத்தும் கரைந்து மறைந்திருக்க வேண்டும். 1867இல் ஃபிளீமிங் ஜென்கின் என்னும் பொறியாளர், டார்வினின் கொள்கைக்கு எதிராக எழுப்பிய தடையும் இதுவே.

இதற்குரிய விடை அதற்கு முந்தைய ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. இன்றைய செக் குடியரசில் உள்ள புருனோ நகரின் துறவி கிரிகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளைக் கலப்புச் செய்து ஆராய்ந்து, முடிவுகளை 1865இல் உரையாக நிகழ்த்தி 1866இல் வெளியிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறை முழுவதும் உருண்டை விதைகளே தோன்றின. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது, அடுத்த தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையாகவும் 1,850 சுருங்கியும் இருந்தன. அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

இதன் பொருள் தெளிவானது. சுருக்கம் கரைந்து போகவில்லை, ஒளிந்திருந்தது. ஒவ்வொரு பண்பிற்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு காரணிகள் வருகின்றன. அவை ஒன்றில் ஒன்று கலவாமல் தனித்தனி மணிகளைப் போல் இருந்து, இனச்செல்கள் உருவாகும்போது மீண்டும் பிரிகின்றன. ஒன்று இருந்தாலே வெளிப்படுவது ஓங்கு பண்பு. இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு பண்பு.

மெண்டலின் ஆய்வு 1900இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. 1909இல் யோகான்சென் அக்காரணிக்கு இட்ட 'ஜீன்' என்னும் பெயரையே நாம் மரபணு என்கிறோம். 1910 முதல் மார்கன் குழுவினர் பழ ஈக்களில் நடத்திய ஆய்வுகள், மரபணுக்கள் குரோமோசோம்களில் வரிசையாக அமைந்துள்ளன என்பதை நிறுவின. 1944இல் ஏவரியும் உடனாய்வாளர்களும் மரபுப் பொருள் டி.என்.ஏ. என்பதற்குச் சான்று காட்டினர். ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஊடுகதிர்ப் படங்கள் துணைநிற்க, 1953இல் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கினர். நான்கே வேதி எழுத்துகளின் வரிசையில் எழுதப்பட்ட அவ்வாசகம் படியெடுக்கப்படுவதே மரபு. படியெடுப்பில் நேரும் அரிய பிழையே சடுதி மாற்றம்.

மங்களூர் வயலில் மெண்டல்

இப்போது மக்காச்சோளத்திற்கு வருவோம். அதில் பத்து இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று வீதம் இனச்செல்லுக்குச் செல்லும்போது, பிரிவினை முறை மட்டுமே 1,024 வகைகளைத் தரும். ஆண், பெண் இனச்செல்கள் சேரும்போது பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கின்றன. இணைக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதையும் கணக்கிட்டால் இவ்வெண்ணிக்கை அளவிறந்து பெருகும்.

1908இல் அமெரிக்க அறிஞர் ஷல், மக்காச்சோளத்தைப் பல தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்து பெற்ற நலிந்த தூய வழிகளைப் பற்றி அறிவித்தார். அத்தகைய இரு வழிகளைக் கலந்தபோது, பிறந்த தலைமுறை வியக்கத்தக்க வீரியத்துடன் வளர்ந்தது. இந்தியாவில் அனைத்திந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் 1957இல் தொடங்கப்பட்டு, 1961இல் முதல் வீரிய ஒட்டு இரகங்கள் வெளியாயின.

வீரிய ஒட்டு விதையில் முளைத்த செடிகள் அனைத்தும் ஒரே சீராக இருக்கும். ஆனால் அவற்றின் மணிகளை மீண்டும் விதைத்தால், மெண்டலின் பட்டாணியைப் போல் மறைந்திருந்தவை வெளிவருகின்றன. உயரம், கதிரின் அளவு, முதிர்வுக் காலம் அனைத்தும் சிதறுகின்றன. இரு தூய வழிகளின் நேர்க் கலப்பில் கிட்டிய கூடுதல் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி அடுத்த தலைமுறையிலேயே குறைந்துவிடும் என்பது மரபியல் கணக்கு. ஆகவேதான் உழவர் ஆண்டுதோறும் விதை வாங்குகிறார். விளைந்ததைச் சேமித்து விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் 2001ஆம் ஆண்டின் தாவர இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு உரிமை அளிக்கிறது. ஆயின், சட்டம் கொடுத்த உரிமையை வீரிய ஒட்டுப் பயிரின் இயல்பே பயனற்றதாக்கிவிடுகிறது. மரபியல் அறிவு உழவரின் கையிருப்போடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முந்திரித் தோப்பின் பாடம்

முந்திரியின் தாயகம் பிரேசில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். தமிழில் அதற்கு முன் திராட்சையைக் குறித்து வழங்கிய முந்திரிகை என்னும் சொல்லின் வடிவமே இப்புதிய மரத்திற்கும் பெயராகியது.

முந்திரி பெரிதும் பூச்சிகளால் அயல்மகரந்தச் சேர்க்கை பெறும் மரம். எனவே ஒவ்வொரு கொட்டையும் புதியதொரு மரபுச் சேர்க்கை. கொட்டை ஊன்றி வளர்த்த தோப்பில் ஒரு மரம் மூட்டை மூட்டையாகக் காய்க்கும். அடுத்த மரம் பெயரளவிற்குக் காய்க்கும். உழவருக்கு இது இழப்பு. ஆராய்ச்சியாளருக்கோ இதுவே கருவூலம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், பல ஊர்த் தோப்புகளில் சிறந்த மரங்களைத் தேடிச் சேகரித்து ஒப்பிட்டது. அவ்வாறு பழைய தென்னார்க்காடு மாவட்டத்து இடையஞ்சாவடியில் கிடைத்த ஒரு மரத்தின் வழிவந்ததே, 1991இல் வெளியிடப்பட்ட வி.ஆர்.ஐ. 3 இரகம். அதன் கொட்டை சுமார் 7 கிராம் எடை கொண்டது.

தேர்ந்தெடுத்த மரத்தைப் பெருக்கும் வழி ஒட்டுக்கட்டுதலே. கொட்டையில் முளைத்த இளங்கன்றின் தண்டைப் பிளந்து, தேர்ந்த மரத்தின் தளிர்க்குச்சியை ஆப்பு வடிவில் சீவிச் செருகிக் கட்டுகின்றனர். இங்கு இனச்செல்லும் இல்லை, பிரிவினையும் இல்லை. ஆகவே, வேர் எந்தக் கொட்டையினுடையதாயினும், கிளையும் காயும் தாய்மரத்தின் மரபையே தாங்கி நிற்கும்.

ஒருமையின் ஆபத்து

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பல பத்தாண்டுகள் நின்ற முந்திரி மரங்களும் பலா மரங்களும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. பின்னர் மறுநடவுத் திட்டங்களில் ஒட்டுக்கன்றுகள் வழங்கப்பட்டன. வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு விரைவாகக் காய்க்கும் நல்ல இரகம் தேவைப்பட்டது. அதனை யாரும் குறைகூற இயலாது. ஆயினும், நாம் மற்றோர் இழப்பையும் கணக்கிட வேண்டும். சாய்ந்த கொட்டை மரங்களுள் ஒவ்வொன்றும் மற்றொன்றில் இல்லாத மரபுச் சேர்க்கையைக் கொண்டிருந்தது. வி.ஆர்.ஐ. 3 தோன்றியதும் அத்தகைய திரளிலிருந்தே அன்றோ!

ஒருமை எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை மக்காச்சோளத்தின் வரலாறே காட்டுகிறது. 1970இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்காச்சோளப் பயிரில் மிகப் பெரும்பகுதி, விதை உற்பத்தியின் வசதிக்காக, டெக்சாஸ் வகை எனப்பட்ட ஒரே ஆண்மலட்டுத் தாய்வழியைக் கொண்டிருந்தது. அதனைத் தாக்கவல்ல இலைக்கருகல் பூஞ்சை பரவியபோது, நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. பயிரைக் காப்பாற்றியது வேற்று வழிகளின் விதையே.

வேறுபாடு என்பது ஏதோ குறை அன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. மக்காச்சோள மணிகளின் புள்ளிகளை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக், குரோமோசோமில் இடம் பெயரும் மரபுக் கூறுகளைக் கண்டறிந்து 1983இல் நோபல் பரிசு பெற்றார். மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்குக் காரணம் என்ன என்று 1990இல் ஆராய்ந்தபோது, மாவுச்சத்தை உருவாக்கும் மரபணு ஒன்றினுள் அத்தகைய கூறு ஒன்று புகுந்திருந்தமை தெரியவந்தது. மக்காச்சோளத்தில் காணப்பட்டதை ஒத்த ஒரு பிறழ்வே மெண்டலுக்கு இயற்கையின் விதியைக் காட்டிக்கொடுத்தது.

ஆகவே, நல்லதைத் தேர்ந்து பெருக்குவது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது தேர்வதற்குரிய திரளைக் காப்பதும். தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபு வள வாரியம் விதைகளைக் குளிரறைகளில் பாதுகாக்கிறது. முந்திரியின் வகைகள், மற்றொரு மங்களூரை அடுத்த புத்தூரில், உயிர் மரங்களாகவே பேணப்படுகின்றன. இவை பெரும்பணி, ஆனால் போதுமானவை அல்ல. தோப்பின் வரப்போரம் தப்பி நிற்கும் பழைய கொட்டை மரத்தை, இடத்தை அடைக்கிறது என்று வெட்டுமுன் உழவர் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை வரவிருக்கும் புயலுக்கோ பூச்சிக்கோ நோய்க்கோ ஈடுகொடுக்கும் மரபணு அதில் இருக்கக்கூடும். பீங்கான் பொம்மை உடைந்தால் அச்சிலிருந்து மற்றொன்று வார்க்கலாம். கொட்டையில் முளைத்த மரத்திற்கோ அச்சு என ஒன்றில்லை. அம்மரமே அதன் மரபிற்கு ஒரே ஆவணம்.