எஞ்சி நின்ற விகுதி

ஆங்கிலம் பயிலப் புகும் தமிழ் மாணவனை இடறச் செய்வது ஒரு சிறிய 'ஸ்' விகுதி. 'ஐ சிங்', 'யூ சிங்', 'தே சிங்' என ஒரே வடிவாய் நிற்கும் நிகழ்கால வினை, படர்க்கை ஒருமையில் மட்டும் 'ஹீ சிங்ஸ்' என்றாகின்றது. பெயர்ச்சொல்லிற் பன்மை காட்டும் ஒலி வினைச்சொல்லில் ஒருமை காட்டுவது ஏன்? இதற்கு விடை இங்கிலாந்தின் வரலாற்றிலேயே உள்ளது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆங்கில வினையும் தமிழ் வினைபோல் எழுவாய்க்கு இயைந்து விகுதி பெற்றது. 'பாடுகிறேன்' என்பதற்குச் 'சிங்கெ', 'பாடுகிறாய்' என்பதற்குச் 'சிங்கெஸ்ட்', 'பாடுகிறான்' என்பதற்குச் 'சிங்கெத்' என்றனர் தென்னாட்டார். பன்மையில் மூவிடத்துக்கும் 'சிங்கத்' பொதுவாயிற்று.

வடக்கே நார்தம்பிரியாவில் வழக்கு வேறு. லிண்டிஸ்பார்ண் சுவிசேஷ ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே, 10ஆம் நூற்றாண்டில் ஆல்திரெட் என்னும் குரு ஆங்கிலப் பொருள் எழுதினார். அதில் 'த்' விகுதியோடு 'ஸ்' விகுதியும் கலந்து வருகின்றது. ஒருமை, பன்மை இரண்டிலும் அது காணப்படுகின்றது.

அவ்வடநாட்டு விகுதி இலண்டன் மாந்தர் செவிக்கு நெடுங்காலம் நாட்டுப்புற வழக்காகவே ஒலித்தது. 1400இல் மறைந்த கவிஞர் சோசர், கான்டர்பரிக் கதைகளில் வடக்கிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த மாணவர் இருவரைப் பேசவைக்கும்போது, நகை தோன்ற 'ஸ்' விகுதியைக் கையாண்டார். அவர்தம் சொந்த நடையிற் பெரும்பாலும் 'எத்' விகுதியே பயின்றது.

ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்குள் நிலை மாறியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டும் அருகருகே வழங்குகின்றன. ஓரசை குறைதலால் 'ஸ்' விகுதி பேச்சுக்கும் செய்யுளுக்கும் எளிதாயிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் 'எத்' என்னும் பழைய வடிவையே போற்றியது. ஆனால், மக்கள் 'எத்' என எழுதியதைப் பேச்சில் 'ஸ்' என ஒலித்தனர் என்பதை 1643இல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் தம் நூலிற் குறித்தார். பின்னர் 'எத்' வழிபாட்டுக்கும் உயர்நடைக்கும் உரியதாய் ஒதுங்கியது.

இதற்கிடையே பிற விகுதிகள் தேய்ந்தன. 'நீ' எனப் பொருள்படும் 'தௌ' பொதுவழக்கிலிருந்து நீங்க, அதற்குரிய 'எஸ்ட்' விகுதியும் உடன் நீங்கியது. பன்மை விகுதியும் மறைந்தது. எஞ்சியது 'ஸ்' ஒன்றே. ஆதலின், அது ஒருமைக்கெனப் படைக்கப்பட்ட குறியன்று. ஏனையவை உதிர்ந்தபின் ஒருமையில் நிலைத்த எச்சம். தமிழிற் 'பாடுகிறேன்' என்ற அளவிலே பாடுபவர் யாரென்பது விளங்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை வெளிப்படக் கூறவேண்டும்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஆங்கிலியாவின் பேச்சுவழக்கில் 'ஹீ சிங்' என்னும் வடிவும் உண்டு. மாணவன் பொதுவழக்கின் விதியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், 'ஸ்' விகுதியை மறந்தவனை எள்ளி நகையாடுவோர் ஒன்றை நினைத்தல் நன்று: ஒருகாலத்தில் அவ்விகுதியைச் சொன்னவரே நகைப்புக்கு இலக்காயினர்.