ஐரோப்பிய மகளிர் நீளம் தாண்டுதல்: நாடுகள் மறைந்த பின்னும் நிற்கும் சாதனை

1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், அட்ரியாட்டிக் கடலோர நகரான ஸ்ப்ளிட்டில் ஐரோப்பிய தடகள சாம்பியன் பட்டப் போட்டிகள் தொடங்கின. மகளிர் நீளம் தாண்டுதலில் கிழக்கு ஜெர்மனியின் ஹைக்கே ட்ரெக்ஸ்லர் 7.30 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ருமேனியாவின் மரியெட்டா இல்கு 7.02 மீட்டருடன் வெள்ளியையும், மற்றொரு கிழக்கு ஜெர்மனி வீராங்கனையான ஹெல்கா ராட்கே 6.94 மீட்டருடன் வெண்கலத்தையும் பெற்றனர்.

அந்தப் போட்டி முடிந்து ஏறக்குறைய ஐந்து வாரங்களில், 1990 அக்டோபர் 3 ஆம் தேதி, கிழக்கு ஜெர்மனி என்ற நாடு உலக வரைபடத்திலிருந்து மறைந்தது. ஸ்ப்ளிட் நகரம் அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்தது. 1991 ஜூன் 25 இல் குரோஷியா சுதந்திரப் பிரகடனம் செய்ததை அடுத்து அந்தக் கூட்டாட்சியும் சிதறத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. ஆனால் ட்ரெக்ஸ்லரின் 7.30 மீட்டர், ஐரோப்பிய சாம்பியன் பட்டப் போட்டிகளின் சாதனையாக 2024 ரோம் போட்டிகள் முடிந்த பின்னரும் முறியடிக்கப்படாமல் இருந்தது.

இரு நாடுகள், நான்கு தங்கங்கள்

1964 இல் கேரா நகரில் பிறந்த ட்ரெக்ஸ்லர், தொடர்ச்சியாக நான்கு முறை இந்தப் பட்டத்தை வென்றவர். 1986 இல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், கிழக்கு ஜெர்மனியின் சார்பில் 7.27 மீட்டர் தாண்டி முதல் பட்டத்தைப் பெற்றார். அக்காலத்தில் அவர் தமது நாட்டின் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. விளையாட்டு வெற்றியை அரசின் வெற்றியாகக் காட்டுவது அந்த ஆட்சியின் கொள்கையாகவே இருந்தது.

1994 இல் ஹெல்சின்கியிலும் 1998 இல் புடாபெஸ்டிலும் அவர் வென்ற தங்கங்கள் ஒன்றுபட்ட ஜெர்மனியின் கணக்கில் சேர்ந்தன. ஹெல்சின்கியில் வெள்ளி வென்ற இனெஸ்ஸா கிராவெட்ஸின் நிலையும் இதைப் போன்றதே. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் முன்னாள் சோவியத் குடியரசுகளின் கூட்டு அணிக்காக வெள்ளி வென்ற அவர், ஹெல்சின்கியில் உக்ரைன் கொடியின் கீழ் போட்டியிட்டார்.

அரசு தந்த மருந்து

ஆயினும் அக்காலத்துச் சாதனைகளின் மீது நீண்ட நிழல் ஒன்று படிந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசு 1974 முதல் ஊக்கமருந்துப் பயன்பாட்டை இரகசிய அரசுத் திட்டமாகவே நடத்தி வந்தது. மருந்துகள் என்னவென்று அறியாமலேயே அவற்றை உட்கொண்டவர்களில் பதின்ம வயதுச் சிறுமிகளும் இருந்தனர். நாடு மறைந்த பின்னர், முன்னாள் வட்டெறிதல் வீராங்கனை பிரிகிட்டே பெரெண்டோங்க் 1991 இல் வெளியிட்ட நூல், அந்த ஆட்சியின் ஆவணங்களைக் கொண்டே இதை அம்பலப்படுத்தியது. அந்த ஆவணங்களில் ட்ரெக்ஸ்லரின் பெயரும் இடம்பெற்றிருந்தது.

2000 ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுத்துறைத் தலைவராக இருந்த மன்ஃபிரெட் எவால்டுக்கும் மருத்துவர் மன்ஃபிரெட் ஹெப்னருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. உடல்நலம் கெட்ட முன்னாள் வீரர்களுக்கு உதவ ஜெர்மனி 2002 இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அந்தக் காலகட்டத்தின் அளவுகள் பதிவேடுகளில் அப்படியே நிற்கின்றன.

2017 இல் ஐரோப்பிய தடகள சம்மேளனம் ஒரு தீர்வை முன்வைத்தது. பரிசோதனை மாதிரிகள் நீண்டகாலம் பாதுகாக்கப்படத் தொடங்கிய 2005 ஆம் ஆண்டுக்கு முந்தைய சாதனைகளை அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்பதே அந்த யோசனை. குற்றமற்றவர்களின் பெயரும் இதனால் களங்கப்படும் என்று முன்னாள் வீரர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். யோசனை நடைமுறைக்கு வரவில்லை. சோவியத் வீராங்கனை கலினா சிஸ்தியகோவா 1988 இல் லெனின்கிராட்டில் தாண்டிய 7.52 மீட்டரே உலக சாதனையாக நீடிக்கிறது. லெனின்கிராட் என்ற பெயர்கூட 1991 இல் மாறிவிட்டது.

எல்லை கடந்தவர்கள்

பழைய நாடுகள் மறைந்த அதே காலத்தில், இந்தப் போட்டிக்கு வருவோரின் பின்னணியும் மாறியது. 1998 இல் புடாபெஸ்டில் ட்ரெக்ஸ்லரின் 7.16 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் குறைவாகத் தாண்டி வெள்ளி வென்றவர் இத்தாலியின் ஃபியோனா மே. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த இவர், முதலில் பிரிட்டனுக்காகப் போட்டியிட்டு, திருமணத்தின் பின் இத்தாலிய அணியில் சேர்ந்தவர்.

26 ஆண்டுகள் கழித்து, 2024 இல் ரோமில், அவரது மகள் லாரிசா யாப்பிகினோ 6.94 மீட்டர் தாண்டி அதே வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். சாவோ தோமே பிரின்சிபி நாட்டில் பிறந்து போர்த்துகலுக்காகப் போட்டியிட்ட அகாத்தே டி சூசா 6.91 மீட்டருடன் வெண்கலம் வென்றார். தங்கம், சான்சிபாரைச் சேர்ந்த தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த ஜெர்மனியின் மலைக்கா மிஹாம்போவுக்குச் சென்றது. அவர் தாண்டியது 7.22 மீட்டர்.

மிஹாம்போ தமது வாழ்நாளில் தாண்டிய மிகச்சிறந்த தூரம் 7.30 மீட்டர். 2019 இல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன் பட்டப் போட்டியில் அதை எட்டினார். ஸ்ப்ளிட்டில் ட்ரெக்ஸ்லர் தாண்டியதும் அதே தூரம்தான். ஒன்று, மருந்து கொடுப்பதை அரசே திட்டமிட்டு நடத்திய அமைப்பின் கடைசி நாட்களில் பதிவானது. மற்றொன்று, மாதிரிகள் பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டு மீண்டும் சோதிக்கப்படும் காலத்தில் பதிவானது. பதிவேட்டில் இரண்டும் ஒரே எண்ணாகவே எழுதப்படுகின்றன. அவற்றை எவ்வாறு வேறுபடுத்துவது, வேறுபடுத்தத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய தடகளம் இன்னும் விடை காணவில்லை.