பாலாற்றுத் தோல் கழிவு வழக்கு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாக வந்து, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும்; தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். ஊற்றுக்கால்வாய் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள். கரையோர ஊர்களின் குடிநீரும் இந்த மணலை நம்பியதே. ஓட்டமில்லாத ஆற்றில் விடப்படும் கழிவை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதில்லை. அது நேரே கீழே இறங்கிக் கிணறுகளுக்குப் போய்விடும்.

இப்பகுதியின் டேனரிகள் நெடுங்காலம் ஆவாரம்பட்டைச் சாற்றில்தான் தோலைப் பதனிட்டன. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுத்தோலாக்கி விற்கும் போட்டியில் குரோம் பதனிடுதல் பரவியது. அன்னியச் செலாவணிக்காக எடுத்த முடிவு அது. ஆறு அந்தக் கணக்கிலேயே வரவில்லை. உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் நீக்கி, பிறகு குரோமில் பதனிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கழுவ வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பின்னால் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆறுகள், ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் கூடாது என்று 1989இல் மாநில அரசு ஆணையும் (எண் 213) பிறப்பித்தது. ஆனாலும் வாரியத்தின் இசைவாணை இல்லாமலே பல டேனரிகள் ஓடின. நோட்டீஸ்கள் போயின, பதில்கள் வந்தன.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடியது. 900க்கு மேற்பட்ட டேனரிகள் இயங்குவதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதும் வழக்கில் வெளிவந்தன. வழக்கில் அடங்கிய திண்டுக்கல் வட்டாரத்தின் 13 ஊர்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இந்த வரியைத்தான் படிக்கிறார்கள். ஆனால் தீர்ப்பின் உண்மையான புதுமை அதன் நடைமுறை ஏற்பாடுகளில் இருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம், கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குக் கெடு, சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாக ஒரு பசுமை அமர்வு. இவற்றோடு, நிலத்துக்கும் மக்களுக்கும் ஆன இழப்பைக் கணக்கிட்டு வசூலிக்க ஓர் அதிகார அமைப்பு. ஆற்றை மீட்கும் செலவையும் அது மதிப்பிட வேண்டும். தண்ணீரும் மண்ணும் தந்துவந்த பயனுக்கு ரூபாய்க் கணக்குப் போடும் வேலை இங்கே அரசு அலுவலகக் கோப்புக்குள் வந்தது.

அந்த அமைப்பு 2001இல் சொன்ன தொகை சுமார் 26.8 கோடி ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 இறுதி வரையிலான இழப்புக்காக, 29,000க்கு மேற்பட்டோருக்கு. தலைக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஏழாண்டு விளைச்சலுக்கு அது ஈடா என்று கேட்கத்தான் தோன்றும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஊர் ஊராக எழுந்தன. குரோமைப் பிரித்துவிடலாம், உப்புதான் பிடிகொடுக்கவில்லை. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு பல ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது. ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய பிறகும் அதன் மிச்சமான கசடு தேங்கியது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள்.

அதே ராணிப்பேட்டையில் குரோமிய வேதிப்பொருள் தயாரித்து 1990களில் மூடப்பட்ட ஓர் ஆலை, 1.5 லட்சம் டன்னுக்கு மேல் நச்சுக் கழிவைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. செலவை ஏற்க வேண்டியவர் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டால், கோட்பாட்டின் பில் அரசின் கைக்கே வந்துசேருகிறது.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு பெறாதவர்களுக்கு முதலில் அரசே கொடுத்துவிட்டு, பிறகு டேனரிகளிடம் வசூலிக்க வேண்டும். ஒருமுறை பணம் கட்டியதோடு பொறுப்பு தீராது. சூழலுக்கு நேர்ந்த கேடு சீராகும்வரை அது தொடரும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துச் சூழல் தணிக்கை செய்யவும் உத்தரவிட்ட நீதிமன்றம், வழக்கை முடித்துவைக்காமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது.